கேட் வாங்குமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்வி - பதில்

வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், மாடிப்படிக்குப் போடும் குழந்தை கேட் பற்றியவற்றை இந்த இதழுக்காகத் தனியே எடுத்து வைத்தோம். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

பேரனுக்கு ஒன்பது மாதம், தவழ ஆரம்பித்துவிட்டான். ஆன்லைனில் இரும்பு கேட் ஒன்று வரவழைத்து மாடிப்படியின் மேல்பக்கம் பொருத்தினோம். சுவரில் துளையே வேண்டாம், நான்கு திருகை முறுக்கினால் போதும் என்று போட்டிருந்தது. ஆனால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விழுகிறது, தாழ்ப்பாள் எட்டவே இல்லை. திருப்பி அனுப்பிவிடலாமா?
வாசகி, ராயபுரம்

சரக்கில் பழுதில்லை அம்மா. பொருத்திய இடம்தான் தவறு.

உங்களிடம் இருப்பது அழுத்தத்தில் நிற்கும் வகை. கடையில் பிரஷர் கேட் என்பார்கள். இதன் சட்டம் 'ப' எழுத்து மாதிரி இருக்கும். அடியில் ஒரு கம்பி, இரண்டு பக்கமும் கால், மேலே திறப்பு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது கால்கள் வேண்டுமென்றே சற்று விரிந்து நிற்கும். அந்த விரிவைத்தான் நீங்கள் பழுது என்று நினைத்துவிட்டீர்கள். அடியில் உள்ள இரண்டு திருகுகளை முதலில் முறுக்கி, ரப்பர் சுவரைக் கவ்வும்வரை கொண்டுவாருங்கள். பிறகு மேல் திருகுகளை இடம் ஒரு சுற்று, வலம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். கால்கள் உள்ளே ஒடுங்க ஒடுங்க இடைவெளி மூடிக்கொண்டு வரும். மூன்று நான்கு மி.மீ. இருக்கும்போது தாழ்ப்பாள் 'டக்' என்று விழும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் முறுக்கினால் சட்டம் வளைந்து கதவு உராயும்.

இப்படிச் சரியாகப் பொருத்தினாலும் மேல்படியில் இது ஆகாது. இரண்டு காரணம். ஒன்று, இந்த கேட்டைப் பிடித்து நிறுத்துவது சுவரும் ரப்பரும் உரசும் பிடிமானம் மட்டுமே. சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் அந்தப் பூச்சு மாவாக உதிரும். வழுவழுப்பான டைல்ஸில் ரப்பர் நழுவும். பையன் தினமும் பிடித்து உலுக்க உலுக்கத் திருகு தளரும். ஒருநாள் விட்டுக்கொடுத்தால் கேட்டும் குழந்தையும் சேர்ந்தே உருளும். இரண்டாவது, அந்த அடிக்கம்பி. தரையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில், வழியின் குறுக்கே நிரந்தரமாகக் கிடக்கும். இடுப்பில் குழந்தையோடு, இருட்டில், புடவைக் கொசுவத்தோடு அதைத் தாண்டிய அடுத்த காலடி படியில் விழ வேண்டும். அது இடறினால் பிடித்துக்கொள்ள முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆகவே இதைச் சமையலறை வாசலுக்கோ மாடிப்படியின் அடிக்கோ மாற்றுங்கள். அடியில் வைப்பதென்றால் முதல் படிக்கு முன்னால், தரையில். கேட்டோடு கிண்ணம் மாதிரி நான்கு சிறு வில்லைகள் வந்திருக்கும். அவற்றைச் சுவரில் திருகி, திருகின் முனையை அதற்குள் உட்கார வையுங்கள். பலர் அதை உபரிச் சாமான் என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு திருகையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மேல்படிக்கு வேண்டியது சுவரில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் வகை. வாங்கும்போது பார்க்க வேண்டியவை: அடிக்கம்பி இருக்கக் கூடாது. கதவு தளத்துப் பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். படிப் பக்கம் திறக்காதபடி தடுக்கும் கட்டை கீலிலோ தாழ்ப்பாளிலோ இருக்கும். உயரம் 75 செ.மீ. இருந்தால் நல்லது. கம்பிகள் செங்குத்தாக, நடுவே 6 செ.மீ.க்கு மிகாமல். அடியில் தரைக்கும் கேட்டுக்கும் 5 செ.மீ.க்குள். பெட்டியிலோ கையேட்டிலோ ஐரோப்பியத் தரமான 'இ.என். 1930' அல்லது அமெரிக்கத் தரமான 'ஏ.எஸ்.டி.எம். எஃப் 1004' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பொருத்தும் இடம் படியின் விளிம்பிலேயே வேண்டாம். ஒரு சாண் பின்தள்ளி, தளத்தில் இருக்கட்டும்.

அகலத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். நம் வீடுகளில் அடியில் நான்கு அங்குலத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல் துருத்திக்கொண்டிருக்கும். ஸ்கர்ட்டிங் மட்டத்தில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, 75 செ.மீ. உயரத்தில் ஒன்று என்று மூன்று அளவு எடுங்கள். மூன்றில் சிறியதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

எங்களுடையது தாத்தா காலத்து வீடு, மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டது. ஸ்க்ரூ வகை கேட்தான் வாங்கினோம். எலக்ட்ரீஷியன் துளை போட்டதும் மணல் மணலாகக் கொட்டியது. பிளாஸ்டிக் கட்டையைச் செருகி முடுக்கினால் கட்டையோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இது எல்லோரும் படிக்க வேண்டிய கேள்வி. கேட் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதைத் தாங்கப்போவது சுவர்தானே.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். கேட் 80 செ.மீ. அகலம், 9 கிலோ. பத்துக் கிலோ குழந்தை தாழ்ப்பாள் பக்கத்து முனையைப் பிடித்துத் தொங்குகிறது. இரண்டு கீலுக்கும் நடுவே 60 செ.மீ. என்றால், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு ஏறத்தாழ 20 கிலோ. இது சும்மா தொங்கினால். குதித்து ஆடினால் இன்னும் கூடும். அடிக் கீலுக்கு இந்த இழுப்பு கிடையாது, அது சுவரோடு அழுந்தத்தான் செய்யும். எனவே முழுக் கவலையும் மேல் கீலின் ஸ்க்ரூக்களைப் பற்றித்தான்.

பெட்டியோடு வரும் ஸ்க்ரூக்கள் பலவும் மரச்சட்டச் சுவருக்காகக் கொடுப்பவை. நம் செங்கல் சுவரில் பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். பெட்டி ஸ்க்ரூவில் பாதி அந்தப் பூச்சிலேயே முடிந்துவிடும், செங்கலைத் தொடாது. சிமென்ட் பூச்சுள்ள செங்கல் சுவருக்கு 8 மி.மீ. பிட்டால் 70 மி.மீ. ஆழம் துளைத்து, 50 மி.மீ. நைலான் கட்டையைப் பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளி, இரண்டரை அங்குலம் 10-ம் நம்பர் ஸ்க்ரூ போடுங்கள்.

உங்கள் சுவர் வேறு ஜாதி. சுண்ணாம்புக் காரையில் கட்டியது; செங்கல் மெலிசு, எனவே சந்து அதிகம். பூச்சும் ஓர் அங்குலம்வரை கூட இருக்கும். டிரில்லை ஹேமரில், அதாவது சுற்றுவதோடு இடிக்கவும் செய்யும் முறையில், வைத்துத் துளைத்தால் பிட் அதிர்ந்து துளை புனல் மாதிரி வாய் அகன்றுவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். துளையிலிருந்து வரும் தூளின் நிறம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். செக்கச் செவேலென்று வந்தால் செங்கல், நல்ல இடம். வெள்ளையாக மாவு போல வந்தால் காரைச் சந்து. இரண்டு விரல் தள்ளி வேறு துளை போடுங்கள்.

கீலை நேரே சுவரில் வைக்காதீர்கள். நடுவே ஒரு பலகை வையுங்கள். நன்றாகக் காய்ந்த தேக்கு அல்லது பழைய மரக்கடையில் கிடைக்கும் நாட்டு மரம்: நான்கு அங்குல அகலம், ஓர் அங்குல கனம், 90 செ.மீ. உயரம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பலகையின் அடி தரையில் ஊன்றி நிற்கட்டும். ஸ்கர்ட்டிங் இருக்கும் இடத்தில் அதன் கனத்துக்குப் பின்புறம் செதுக்கிவிடச் சொல்லுங்கள். பலகை ஒவ்வொன்றுக்கும் ஆறு ஸ்க்ரூ, ஒரே நேர்கோட்டில் வேண்டாம், இடமும் வலமுமாக. ஆறில் மூன்று மேல் மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். டிரில்லில் ஹேமரை அணைத்துவிட்டுச் சுற்றினால் போதும். துளையில் உள்ள தூளை ஊதி வெளியேற்றிய பிறகே கட்டையைச் செருக வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால் கழன்றுபோகும் கேட்டுகள் ஏராளம். இங்கே 50 மி.மீ. கட்டை போதாது, ஸ்க்ரூவோடு சேர்ந்தே வரும் 100 மி.மீ. நீள நைலான் கட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். மண்ணடிப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

அப்படியும் ஓரிரு துளை லொட லொட என்றால் கெமிக்கல் ஆங்கர் எனும், துளைக்குள் இறுகிப் பிடிக்கும் ரசாயனப் பசைக் குழாய் ஒன்று வாங்குங்கள். சல்லடைக் குழலைத் துளையில் செருகி, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக நிரப்பி, மரையுள்ள கம்பியைத் திருகியபடி இறக்க வேண்டும். குழாயில் போட்டிருக்கும் நேரம் ஆகும்வரை தொடவே கூடாது. 'காய்ந்துவிட்டதா பார்ப்போம்' என்று ஆட்டிப் பார்த்தால் எல்லாம் போச்சு. சாதா சிமென்ட்டைக் குழைத்து அடைத்து ஸ்க்ரூ போடுவது மேஸ்திரிகள் சிலர் செய்யும் வேலை. தொங்கவிட்ட காலண்டருக்கு அது போதும், கேட்டுக்குப் போதாது.

பலகை நின்றபின் கேட்டை மரத்தில் பொருத்துவது சுலபம்: 3 மி.மீ. முன்துளை, 5 மி.மீ. ஸ்க்ரூ. கடைசியில் மேல் கீலுக்குப் பக்கத்தில் பலகையை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். சுவரோரம் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேலை முடியவில்லை.

நாங்கள் புது அபார்ட்மென்ட். சுவரைத் தட்டினால் டொக் டொக் என்று கேட்கிறது. மேற்சொன்ன கட்டை போடலாமா?
வாசகர், பெரம்பூர்

தூள் பளிச்சென்று வெள்ளையாக, எடையே இல்லாத மாவு போல வந்தால் அது ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல். விரல் நகத்தால் கீறினாலே சுரண்டிக்கொண்டு வரும். சாதா கட்டை அதில் விரியும்போது பிளாக்கையே நொறுக்கும். ஏ.ஏ.சி.க்கென்றே அகன்ற மரை வைத்த நைலான் கட்டைகள் இருக்கின்றன. அவற்றைப் போடுங்கள், பலகையும் வையுங்கள். ஹேமர் இங்கும் கூடாது. சாம்பல் நிறத் தூள் வந்து, பிட் இறங்கவே திணறினால் உங்களுக்கு யோகம்: அது கான்கிரீட் தூண். படிக்கட்டு ஓரங்களில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். கேட்டை ஓரடி முன்னே பின்னே நகர்த்தினால் கீல் பக்கம் தூணில் விழுமா என்று பாருங்கள்.

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஸ்டீல் கைப்பிடி. உருண்டைக் குழாயில் எப்படி ஸ்க்ரூ போடுவது?
வாசகி, திருவொற்றியூர்

குழாயில் ஸ்க்ரூ போடவே வேண்டாம். கீல் பக்கத்தைச் சுவரில் வையுங்கள், தாழ்ப்பாள் பக்கம் மட்டும் கைப்பிடித் தூணுக்கு வரட்டும். தூணை ஒட்டி அதே மாதிரி ஒரு மரப் பலகையை நிறுத்தி, பிளம்பர்கள் குழாயைப் பிடிக்கப் போடும் யூ-போல்ட் மூன்றால் இறுக்குங்கள்: கைப்பிடிக்குச் சற்றுக் கீழே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. தூணின் சுற்றளவைக் கயிறு போட்டு அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். ஒன்றரை அங்குலமா இரண்டா என்று ஊகத்தில் வாங்காதீர்கள். தூணுக்கும் போல்ட்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினால் வழுக்காது, கீறலும் விழாது. நட், தானாகக் கழலாத நைலாக் வகையாக இருக்கட்டும். மீந்த மரையை அறுத்துத் தொப்பி மாட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தூணையே பிடித்து ஆட்டுங்கள். அடித்தட்டில் ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் கேட் மாட்டுவது வீண்.

இன்னொன்று. உங்கள் கைப்பிடியில் குறுக்குக் குழாய்கள் நான்கு ஐந்து படுக்கையாக ஓடுகின்றனவா? இப்போது அந்த மாடல்தான் எங்கும். பார்க்க அழகு, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது ஏணி. கேட்டைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் ஏணியைச் சாத்தி வைத்த கதை. 3 மி.மீ. கனத்தில் நிறமில்லாத பாலிகார்பனேட் தகட்டை உள்பக்கமாக, தரையிலிருந்து 90 செ.மீ. உயரம்வரை வைத்து, ஓரமாக ஒரு சாணுக்கு ஒரு துளை போட்டு கறுப்பு கேபிள் டையால் கட்டுங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் உளுத்துவிடும். கறுப்பையும் கோடை முடிந்ததும் ஒருமுறை இழுத்துப் பார்த்து, வெடித்ததை மாற்றிவிடுங்கள்.

எங்கள் தெருவிலேயே வெல்டிங் பட்டறை இருக்கிறது. கடையில் வாங்குவதைவிட அங்கே அடித்தால் உறுதியாக இருக்கும் என்கிறார் என் அப்பா. என்ன அளவு கொடுப்பது?
வாசகர், தண்டையார்பேட்டை

அப்பா சொல்வது சரி, அளவை நீங்கள் எழுதிக் கொடுத்தால். பட்டறைக்காரர் இஷ்டத்துக்கு விட்டால் ஜன்னல் கிரில் மாதிரி நான்கு அங்குல இடைவெளியும் நடுவே ஒரு தாமரைப் பூவும் வைத்துவிடுவார். பூவின் ஒவ்வொரு வளைவும் கால் வைக்கும் இடம்.

வழி 80 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் முக்கால் அங்குலச் சதுர டியூப்பில், வெளி அளவு அகலம் 76, உயரம் 80 செ.மீ. அதற்குள் 10 மி.மீ. சதுரக் கம்பி பத்து, எல்லாம் செங்குத்து. கம்பிகளுக்கு நடுவே ஐந்தரை முதல் 5.7 செ.மீ. வரும். குறுக்குக் கம்பி மேலும் கீழும் உள்ள சட்டம் மட்டுமே. நடுவில் ஒன்றுகூட வேண்டாம். மொத்த எடை ஒன்பது கிலோவுக்குள் முடியும். கிலோ கணக்கில் கூலி பேசுவார்கள் என்பதால் இந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கம்பிக்குப் பதில் ஏழு போட்டால் கிலோ குறையும், ஆனால் இடைவெளி 8 செ.மீ. ஆகிவிடும். உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கீல் பக்கமும் தாழ்ப்பாள் பக்கமும் இரண்டிரண்டு செ.மீ. மிஞ்சும், அப்படியே இருக்கட்டும். 5 முதல் 12 மி.மீ. வரையிலான சந்து குழந்தை விரலுக்கு அளவெடுத்த பொறி, அது எங்கும் வரக் கூடாது. அடியில் 4 செ.மீ. விடுங்கள். வெளிப் படிக்கட்டாக இருந்தால் மழைத்தண்ணீர் வடியத் தளத்துக்குச் சரிவு கொடுத்திருப்பார்கள். கதவு திறக்கும் பக்கம் தளம் உயர்ந்து போனால் அடி உரசும். அளவெடுக்க வருபவரிடம் கதவு சுற்றிவரும் வட்டம் முழுக்க மட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.

தாழ்ப்பாள் ஒரே அசைவில் திறக்கக் கூடாது. தூக்கி, பிறகு இழுக்கும் வகையாக, படிப் பக்கம் வைத்து அடியுங்கள். நீங்கள் மேலிருந்து கையை வளைத்துத் திறக்கலாம், பிள்ளைக்கு எட்டாது. வெல்டிங் பொறிகளைக் கிரைண்டரால் தேய்த்த பிறகு, மேல் சட்டத்தில் கைக்குட்டையை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் கறாராக இருங்கள், ஏனென்றால் பல் முளைக்கும் குழந்தை மேல் சட்டத்தைத்தான் முதலில் கடிக்கும். வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டின்னில் அது அச்சிட்டிருக்கும். தொழிற்சாலை வகை பெயின்ட்டுகள் அந்த விதிக்குள் வராது, பட்டறையில் மிச்சம் கிடப்பது பெரும்பாலும் அதுவாக இருக்கலாம். டின்னை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மஞ்சளாக இருக்கும் ஜிங்க் குரோமேட் பிரைமர் வேண்டவே வேண்டாம். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. வாசனை முழுக்கப் போன பிறகே மாட்டுங்கள். கடல் காற்றடிக்கும் பகுதி என்பதால் கீல் பின்னும் ஸ்க்ரூக்களும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதா ஸ்க்ரூ துருவேறினால் தலை மட்டும் வெளியே பளபளத்துக்கொண்டு, உள்ளே தண்டு பென்சில் முனையாகியிருக்கும்.

முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கதவைத் திறந்தால் நேரே படிதான், தளமே இல்லை. படிக்கட்டு மூன்று குடித்தனத்துக்கும் பொது. நிலைவாசலில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் மாமியார், சுவரில் துளை கூடாது என்கிறார் ஹவுஸ் ஓனர். தண்ணீர் லாரி வந்தால் இரண்டு கையிலும் குடத்தோடு ஏறி இறங்க வேண்டும். எங்களுக்கு வழி உண்டா?
வாசகி, வியாசர்பாடி

உண்டு. பொதுப் படிக்கட்டில் மட்டும் கேட் போடாதீர்கள். அவசரத்துக்கு எல்லோரும் ஓடும் வழி அது.

உங்கள் கதவு உள்பக்கம் திறக்கிறது என்றால், உள்சுவரில் வைக்கும் கேட் கதவின் வீச்சில் குறுக்கிடும். எனவே இரண்டு இடம்தான் மிச்சம். வாசலை ஒட்டி நடை போல ஒரு சந்து இருந்தால், கதவு சுற்றி முடியும் இடத்துக்கு அப்பால், ஏறத்தாழ மூன்றடி உள்ளே கேட் வைக்கலாம். அங்கே படி விளிம்பு தூரம் என்பதால் பிரஷர் கேட்டே போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடிக்கம்பியில் இடறினாலும் விழுவது தரையில்தான். ஆனால் அதன்பின் வாசல் கதவு திறந்திருக்கிறதா என்பதை மறந்துவிடக் கூடாது.

சந்து இல்லாமல் வாசல் நேரே கூடத்தில் திறந்தால், நிலைக்குள்ளேயே, கதவுக்கு வெளிப்புறமாக மிஞ்சும் இரண்டரை அங்குல கனத்தில் ஸ்க்ரூ வகை கேட் வர வேண்டும், உள்பக்கம் திறக்கும்படி. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மஞ்சள் குங்குமம் வைக்கும் வாசற்படியையும் தோரணம் கட்டும் மேல்கட்டையையும் தொடப்போவதில்லை. துளை விழுவது பக்கக் கால்களில், அதுவும் ஆணி அடித்து அல்ல. கதவின் கீலும் தாழ்ப்பாளும் அதே கால்களில் ஸ்க்ரூவில்தான் நிற்கின்றன. ஓனருக்கு: பக்கத்துக்கு நான்கு, 3 மி.மீ. முன்துளை, 40 மி.மீ. ஸ்க்ரூ. காலி செய்யும்போது மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் வார்னிஷுக்கு அடியில் தெரியாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள், அட்வான்ஸ் பிடிக்கும் பேச்சு பின்னால் வராது.

குடம் விஷயத்துக்கு எந்த கேட்டும் முழு விடை ஆகாது. லாரி வந்த அரை மணி நேரம் கேட்டைத் திறந்து கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். குழந்தைக்கும் அந்த அமளிதான் பிடிக்கும், நேரே அங்கேதான் வரும். அந்த நேரத்துக்கு ஓர் ஆள் குழந்தையோடு உள்ளே உட்கார வேண்டியதுதான். தானே மூடிக்கொள்ளும் கேட் வாங்கினாலும் குடத்தை மேல்படியில் வைத்துவிட்டு, ஒரு கையால் திறந்து, குடத்தை உள்ளே நகர்த்தி, நீங்களும் உள்ளே போய், தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகு குடத்தைத் தூக்குங்கள். கேட்டைக் காலைத் தூக்கித் தாண்டுவதை வீட்டில் ஒருவர்கூடச் செய்யக் கூடாது, மாமியார் முக்கியமாக. பிடித்து வைத்த தண்ணீர் நிற்கும் டிரம்முக்கு மூடி, பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பது, குளியலறைக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள்: இவையும் அதே வாரத்தில் முடியட்டும். இரண்டு அங்குலத் தண்ணீரே தவழும் குழந்தைக்கு ஆபத்து.

படிக்கட்டில் ஏற்கெனவே இழுத்து மூடும் கொலாப்சிபிள் கேட் இருக்கிறது. அது போதாதா?
வாசகர், எண்ணூர்

திருடனுக்குப் போதும். குழந்தைக்கு, அதன் கத்தரி மடிப்புகள் விரலை நசுக்கும், எக்ஸ் வடிவச் சந்துகள் கால் வைக்க வசதியான படிகள். அமெரிக்காவில் இதே மாதிரி மடக்கும் மர கேட்டுகளின் 'வி' வடிவ மேல்முனையிலும் வைர வடிவச் சந்துகளிலும் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்து, 1985-வாக்கில் அந்த வடிவத்தையே மாற்றினார்கள். அதைப் பூட்டியே வையுங்கள். அதற்கு உள்பக்கம், கை எட்டாத தூரத்தில் தனி கேட் போடுங்கள்.

வலை கேட் நல்லதா? சுருட்டி வைத்துக்கொள்ளலாம், வழியில் நிற்காது என்கிறார்கள்.
வாசகி, புளியந்தோப்பு

அகலமான வழிக்கும், கதவு திறக்க இடமில்லாத குறுகிய தளத்துக்கும் நல்லது. அடிக்கம்பி கிடையாது. இரண்டு பக்கமும் ஸ்க்ரூவில் நிற்பதால் மேல்படிக்கும் ஆகும், கையேட்டில் அப்படிப் போட்டிருந்தால். குறை என்னவென்றால் தானாக மூடாது. ஒவ்வொரு முறையும் இழுத்து மாட்டிப் பூட்ட வேண்டும். வலையின் அடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். உங்கள் முஷ்டி எளிதாக நுழைந்தால் குழந்தை தலையைக் கொடுத்துத் தவழ்ந்துவிடும்.

கேட் போட்டாயிற்று. இனி மாடியில் வாக்கரில் விடலாம்தானே?
வாசகர், காசிமேடு

கூடாது. உட்கார்ந்து ஓட்டும் வாக்கரில் குழந்தை வரும் வேகமும் எடையும் கேட்டில் மோதுவது வேறு கணக்கு. தாழ்ப்பாள் சரியாக விழாத ஒருநாள் போதும். கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நின்று தள்ளும் மர நடைவண்டி பரவாயில்லை, அதுவும் கீழ்த்தளத்தில்.

அக்கா வீட்டு கேட் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா? எத்தனை வயதுவரை கேட் தேவைப்படும்?
வாசகி, மாதவரம்

ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரைக்கும் என்றே இவற்றை வடிவமைக்கிறார்கள். கேட்டின் உயரம் குழந்தையின் உயரத்தில் முக்காலுக்குக் கீழே போய்விட்டால் பயனில்லை. அதற்கு முன்பே தாழ்ப்பாளைத் திறக்கவோ ஏறவோ கற்றுக்கொண்டால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஏறி அந்தப்பக்கம் விழுந்தால், கேட் இல்லாமல் விழுவதைவிட முக்கால் மீட்டர் அதிக உயரத்திலிருந்து விழுகிறது. கேட் இருக்கும் காலத்திலேயே, நீங்கள் இரண்டு படி கீழே நின்றுகொண்டு, குப்புறப் படுத்துக் காலை முதலில் விட்டுப் பின்பக்கமாக இறங்கப் பழக்குங்கள்.

பழைய கேட்டை எடுக்கலாம், நான்கு விஷயம் ஒத்துவந்தால். கம்பி ஒவ்வொன்றையும் பிடித்துத் திருகிப் பாருங்கள், ஒன்றும் சுற்றக் கூடாது. தாழ்ப்பாளை இருபது முறை மூடித் திறந்தால் இருபது முறையும் விழ வேண்டும். பிளாஸ்டிக் பாகத்தில் வெளுத்த கோடு தெரிந்தால் அது விரிசலின் ஆரம்பம், விட்டுவிடுங்கள். திருகுகளும் வில்லைகளும் முழுசாக இருக்க வேண்டும். ஒன்று குறைகிறது என்று ஹார்டுவேர் கடையில் அதே கனத்தில் ஒரு போல்ட் வாங்கி மாட்டுகிறார்கள்; மரையின் நெருக்கம் வேறாக இருப்பதால் இரண்டு சுற்றிலேயே சட்டத்தின் உள்மரை தேய்ந்துவிடும். பிராண்டும் மாடலும் அடிக்கம்பியின் கீழ்ப்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதைப் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிப் பாகத்தைக் கேளுங்கள்.